போர் விளையாட்டும் சிறு பிள்ளையும் – ஓர் அறவியல் நோக்கு

சென்ற விடுமுறையின்போது என் தமக்கையார் என்னிடம் ஒரு தீர்ப்பை வேண்டினார். அவருடைய மகனுக்கு வயது ஏழு. பாடசாலை நண்பன் ஒருவனின் வீட்டில் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' என்னும் கணினி விளையாட்டைக் கண்டு வந்தவன், அதனைத் தன் வீட்டுக் கணினியிலும் ஏற்றித் தருமாறு நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, நீ சின்னனில விளையாடினதுதானே. பிள்ளைக்குக் குடுக்கலாமோ கூடாதோ எண்டு நீயே சொல்லு" என்றார் தமக்கையார். ஆம் என்றோ இல்லை என்றோ கூற ஒரு கணம் போதும் என எண்ணினேன். ஆயின் விடை காண முற்பட்டபோது, மெய்யியல் என்ற பெயரில் நாம் பல்கலைக்கழகத்திற் கற்கும் வினாக்கள் பல அச்சிறு வினாவினுள் அடங்கியிருப்பதை உணர்ந்தேன். அவ்வுணர்வின் விளைவே இக்கட்டுரை.

முதலில் இவ்விளையாட்டின் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட இதன் இரண்டாம் பாகம் 1999 இல் வந்தது. 2019 இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் உலகின் பல பாகங்களிலும் விளையாடப்படுகின்றது. இடைக்கால உலகமே அதன் களம். விளையாடுபவர் ஒரு சிற்றூரின் தலைமையை ஏற்கின்றார். அவருடைய கிராமத்தவர் உணவு, மரம், பொன், கல் ஆகிய நால்வகை வளங்களைச் சேகரிக்கின்றனர். அவற்றைக் கொண்டு வீடுகளும் கோட்டைகளும் எழுகின்றன. வாள்வீரரும் வில்லாளரும் குதிரைவீரரும் பெருகுகின்றனர். பின்னர் அயலவர் மீது போர் தொடுக்கப்படுகின்றது. குருதி பெருக்கெடுக்கும் காட்சிகள் இதில் இல்லை. உயரத்திலிருந்து நோக்கப்படும் சிறு உருவங்கள் ஒரு குரலெழுப்பி வீழ்கின்றன. உடல் சிறிது நேரம் கிடந்து, எலும்பாகி, மறைந்துபோகின்றது.

ஒரு மாலையில், பரீட்சார்த்தமாக, மருமகனை அருகிருத்தி விளையாடவிட்டேன். எதிரியின் குதிரைவீரர் ஊருக்குள் புகுந்தனர். அவன் ஊர்மணியை ஒலிக்கச் செய்தான். மணி ஒலித்ததும் வயலிலும் காட்டிலும் நிற்கும் கிராமத்தவர் யாவரும் தொழிலைக் கைவிட்டு நகர மண்டபத்தை நோக்கி ஓடுவது இவ்விளையாட்டிலுள்ள ஓர் ஏற்பாடு. ஒரு மண்டபத்துள் 15 பேருக்கே இடமுண்டு. அவ்வேளையில் தேநீருடன் வந்த என் அன்னையார் திரையைப் பார்த்தவாறே நின்றுவிட்டார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நான்கு வயதுத் தமக்கையாரைத் தோளிற் சுமந்து நடந்தவர் அவர்.

"மற்ற ஆக்கள் எங்கையப்பன் போவினம்?" என்று பேரனைக் கேட்டார்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பரவாயில்லை அம்மம்மா. அம்பது சாப்பாடு குடுத்தா இன்னொராள் வருவார்."

அவன் கூறியது முற்றிலும் சரியானதே. 50 அலகு உணவு கொடுத்தால், விளையாட்டின் கணக்கில் 25 விநாடிகளில், ஒரு புதிய கிராமத்தவர் மண்டபத்திலிருந்து வெளிப்படுவார். அன்னையார் தேநீரை வைத்துவிட்டு ஒன்றும் கூறாது உள்ளே சென்றார். பிள்ளை அளித்த அவ்விடையைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றேன்.

இத்தகைய வினா எழும்போது பெற்றோர் முதலில் நாடுவது வயது வகுப்பையே. வன்முறை மிக்க சில விளையாட்டுக்கள் தொடர்பாக 1993 இல் அமெரிக்க மூதவையில் விசாரணைகள் நடைபெற்றதைத் தொடர்ந்து, 1994 இல் அந்நாட்டு விளையாட்டுத் தொழிற்றுறையினர் வயது வகுப்பு முறை ஒன்றை நிறுவினர். ஐரோப்பாவிலும் 2003 இல் இதுபோன்ற முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க முறையின்படி நாம் பேசும் விளையாட்டு 13 வயதுக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியது. எனவே ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றதன்று எனக் கூறி அமைந்துவிடலாம் அல்லவா? கூறலாம். ஆனால் வகுப்பு எதனை அளக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். குருதி எவ்வளவு, அடிதடி எவ்வளவு, தகாத சொல் எவ்வளவு என்று திரையிற் காணப்படுவதையே அது பெரிதும் அளக்கின்றது. என் மருமகனின் விடையில் குருதி இல்லை. தகாத சொல்லும் இல்லை. ஆயினும் என் அன்னையாரைப் பேச்சற்றவராக்கியது அவ்விடையே. வயது வகுப்பு பயனுள்ள ஓர் எச்சரிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் தீர்ப்பளிக்கும் கடமையை அதனிடம் ஒப்படைத்தல் இயலாது.

இரண்டாவதாக, விஞ்ஞான ஆய்வுகளை நாடலாம். அமெரிக்க உளவியற் சங்கத்தின் செயற்குழு ஒன்று 2015 இல் வெளியிட்ட அறிக்கை, வன்முறை விளையாட்டுக்களுக்கும் மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு உண்டு எனக் கூறியது. ஆனால் அவை குற்றச் செயல்களுக்கு இட்டுச்செல்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. பிரித்தானியாவில் 14, 15 வயதினர் ஆயிரம் பேரளவில் ஆராய்ந்து ஒக்ஸ்பேர்ட் ஆய்வாளர் 2019 இல் வெளியிட்ட கட்டுரையோ, அத்தகைய மூர்க்கத் தொடர்பையும் காணவில்லை. இதற்கு முன்னரே, 2011 இல், சிறுவர்க்கு வன்முறை விளையாட்டுக்களை விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியாச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. சிறுவர்க்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் தேவதைக் கதைகளிலும் கொடுமைகள் நிறைந்துள்ளன என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய நியாயங்களுள் ஒன்று.

இவ்வாய்வுகள் நமது அச்சத்தைத் தணிக்கின்றன, அது நன்றே. என் மருமகன் நாளை ஒருவனைத் தாக்குவான் என்று நான் அஞ்சவில்லை. ஆயின் ஓர் அறவியல் வினா, தீய விளைவு நிரூபிக்கப்படாமையால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பிள்ளை பிறர் துன்பத்தைக் கண்டு நகைக்கப் பழகினால், அவன் பின்னர் குற்றவாளியாகான் என்று யாரேனும் நிரூபித்தாலும் நாம் ஆறுதலடையோம். அவன் என்ன செய்வான் என்பது ஒரு வினா. அவன் எத்தகைய மனிதனாக உருவாகின்றான் என்பது பிறிதொரு வினா. அரிஸ்டோட்டில் ஒழுக்கத்தைப் பழக்கத்தின் பேறாகக் கண்டார். மீண்டும் மீண்டும் செய்வதனாலேயே நாம் நீதியுடையோராகவும் துணிவுடையோராகவும் ஆகின்றோம் என்பது அவர் கருத்து. விளையாட்டு என்பது மீண்டும் மீண்டும் செய்யப்படுவதே அன்றோ?

இவ்விடத்தில் வலிமையான மறுப்பு ஒன்று எழும். போரை விளையாட்டாக்கியவர் நேற்று வந்த கணினிக்காரர் அல்லர். சதுரங்கம் ஒரு போரே. ஆடுபுலி ஆட்டத்திற் புலி ஆட்டை வெட்டாமல் ஆட்டம் இல்லை. கந்த சஷ்டியின் முடிவில் நமது கோயில் வீதிகளிற் சூரன் போர் நடைபெறும்போது, தந்தையின் தோளில் அமர்ந்து சூரனின் தலை வீழ்வதை வாய் திறந்து பார்த்த பிள்ளைகளே நாம் யாவரும். அதனால் நாம் கெட்டுவிட்டோமா? இம்மறுப்பைப் புறக்கணித்தல் நேர்மையாகாது.

ஆனால் வேறுபாடுகளை நுணுகி நோக்குதல் தகும். சதுரங்கக் காலாளுக்கு முகம் இல்லை. அவன் வயல் உழுவதில்லை, மணி கேட்டு ஓடுவதுமில்லை. அவன் மரக்கட்டை என்பதை ஆட்டமே மறைப்பதில்லை. சூரன் போரிலோ முகம் உண்டு. ஆயின் அங்கு ஊரே கூடி நிற்கின்றது. இவன் யார், ஏன் போர் நிகழ்கின்றது என்று சொல்லப் பாட்டியார் அருகில் நிற்கின்றார். இறுதியில் வீழ்ந்த சூரன் அழிந்துபோவதும் இல்லை. சேவலாகவும் மயிலாகவும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றான். பகைவனும் ஒருவன்தான், அவனுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அச்சிறு பிள்ளை சொல்லின்றியே கற்கின்றான். கணினி விளையாட்டு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மனிதரைப் போன்ற உருவங்களை அது காட்டுகின்றது. அவர்களை மரக்கட்டைகளாக எண்ணுமாறு விதிகள் மூலம் பயிற்றுகின்றது. அவ்வேளையில் பிள்ளையின் அருகில் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை.

விதிகள் பயிற்றுகின்றன என்பதற்கு என்னையே சான்றாகக் கூறுகின்றேன். இவ்விளையாட்டில் வழமையாக ஒருவர் ஆளக்கூடிய மக்கள்தொகைக்கு 200 என்னும் எல்லை உண்டு. ஆட்டத்தின் பிற்பகுதியிற் பொன்னும் உணவும் குவிந்தபின், படைவீரரைப் பெருக்க இடம் போதாதுபோகும். அப்போது தேர்ந்த ஆட்டக்காரர் தம் கிராமத்தவர் சிலரைத் தெரிந்து, அழித்தல் விசையை அழுத்துவர். அதுவரை தமக்காக உழுதவன் அக்கணமே வீழ்வான். அவன் இடத்தில் ஒரு குதிரைவீரன் தோன்றுவான். பதினொரு வயதில் நான் இதனை எவ்விதத் தயக்கமுமின்றிச் செய்தேன். திறமை என்று கருதினேன். எதிரியை வெல்லவும் சிறந்த வழி அவனுடைய படையைத் தாக்குவதன்று, வயலில் நிற்கும் கிராமத்தவரைத் தாக்குவதே என்பதையும் விரைவிற் கற்றுக்கொண்டேன். இதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை, வெற்றியே கற்பித்தது.

இதனுடன் ஒப்பிடத்தக்கது புறநானூற்றின் 9 ஆம் பாடல். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய அப்பாட்டில், அம்பு விடுவதற்கு முன்னர் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் தமக்குக் காவலான இடம் சேருமாறு அறிவிக்கும் அறநெறி பேசப்படுகின்றது. நமது முன்னோர் போரில் அறமே செய்தனர் என்று கூற நான் இதனை எடுத்துக்காட்டவில்லை. அதே புலவர் அதே மன்னனைப் பாடிய பிறிதொரு பாட்டு, பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததைப் புகழ்கின்றது. எனினும், போரில் யார் விலக்கப்படவேண்டியோர் என்னும் வினாவை எழுப்பும் ஒரு சொல்லாவது அம்மரபில் இருந்தது. நாம் பேசும் விளையாட்டில் அதற்கு இடமே இல்லை. அங்கு கிராமத்தவன் விலக்கப்படவேண்டியவனாகவும் இல்லை, பகைவனாகவும் இல்லை; அவன் ஒரு செலவினம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1824 இல் பிரஷ்யப் படையினர் ஏற்றுக்கொண்ட ரைஸ்விற்ஸின் போர் விளையாட்டு, அதிகாரிகளுக்குத் தலைமைப் பயிற்சி அளிக்க வகுக்கப்பட்டது. அம்மரபில் வந்த வியூக விளையாட்டுக்கள் யாவும் விளையாடுபவரைத் தளபதியின் ஆசனத்தில், அல்லது அரசனின் ஆசனத்தில் இருத்துகின்றன. அங்கிருந்து நோக்குபவருக்கு ஊர் ஒரு வரைபடம். மக்கள் ஒரு தொகை. 2022 இல் வெளிவந்த விரிவாக்கம் ஒன்றில் திராவிடர் ஒரு நாகரிகமாகச் சேர்க்கப்பட்டு, இராசேந்திர சோழனின் கதையும் ஒரு போர்த்தொடராக்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளை தன் இனத்து அரசனைத் திரையிற் கண்டு மகிழ்தல் இயல்பே. ஆனால் அவ்வரசனின் மெய்க்கீர்த்தி ஈழத்து அரசரின் முடியைக் கைக்கொண்டதைப் பெருமையாகக் கூற, சூளவம்சமோ அதே படையெடுப்பில் விகாரைகள் சூறையாடப்பட்டதையும் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதையும் துயராகக் கூறுகின்றது. நிகழ்ச்சி ஒன்று, ஆசனங்கள் இரண்டு. இத்தீவிற் பிறந்த ஒரு பிள்ளை, எந்த இனத்தவனாயினும், ஓர் ஆசனத்தில் மாத்திரம் அமர்ந்து வளர்வதன் விளைவை நாம் அறியாதவரல்லர்.

இனி, இறுதியானதும் கடினமானதுமான மறுப்பை நோக்குவோம். "அது விளையாட்டென்று பிள்ளைக்குத் தெரியாதா? திரையில் வீழ்பவன் மெய்யாக இறப்பதில்லை என்று அவனே சொல்வானே." உண்மை. என் மருமகன் மெய்யையும் பொய்யையும் குழப்பிக்கொள்ளவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913 இல் பொம்மைப் போர்வீரரைக் கொண்டு தரையில் ஆடும் விளையாட்டொன்றை நூலாக எழுதியபோது, அதனை ஆடிப் பார்ப்பவர் மெய்ப்போர் எத்துணைப் பேதைமை என்பதை உணர்வர் என நம்பினார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. அதற்கு அந்நூல் பொறுப்பன்று; வெல்ஸின் நம்பிக்கையும் முற்றிலும் பிழையன்று. ஆனால் பொம்மைப் போரில் மெய்ப்போரின் பேதைமையைக் காண, மெய்ப்போரைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு முன்னரே உள்ளத்தில் இருத்தல் வேண்டும். வெல்ஸிடம் அது இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் உண்டா?

பியாஜே 1932 இல் வெளியிட்ட நூலில், தவறுதலாகப் 15 கிண்ணங்களை உடைத்த பிள்ளையையும், குறும்பினால் ஒன்றை உடைத்த பிள்ளையையும் பற்றிச் சிறுவரிடம் வினவியதைக் கூறுகின்றார். இளஞ்சிறார் பலருக்கு 15 என்னும் தொகையே பெரிய குற்றமாகத் தோன்றியது. உள்ளே இருந்த எண்ணம் தோன்றவில்லை. தொகையைக் காணும் கண் முன்னர் திறக்கின்றது. மற்றவரின் அகத்தைக் காணும் கண் மெல்லவே திறக்கின்றது. தொகை மட்டுமே உள்ள ஓர் உலகை அப்பருவத்திற் கொடுப்பது, முன்னரே திறந்த கண்ணுக்கு மேலும் ஒளியூட்டி, மற்றக் கண்ணைத் திறக்கவிடாது வைப்பதாகும்.

இவற்றையெல்லாம் எண்ணியபோது ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. போர் என்பதைப் பற்றி என் மருமகன் முதன்முதலில் அறிந்தது இவ்விளையாட்டிலிருந்தே. ஒரே வீட்டில் வாழும் தன் அம்மம்மாவிடமிருந்து அன்று. 1995 ஐப் பற்றி அவர் அவனிடம் ஒரு சொல்லேனும் சொன்னதில்லை. எம்மிடமும் அதிகம் சொன்னதில்லை. பிள்ளைகளின் மனம் நோகும் என்று மௌனமாயிருந்தார், நாமும் கேட்கவில்லை. அவ்வெற்றிடத்திலேயே அரசனின் ஆசனம் வந்து அமர்ந்தது. எனவே தீர்ப்பின் மையம் எவ்வளவு வன்முறை என்பதன்று. எது முதலில் என்பதே. கிராமத்தவனின் இடத்திலிருந்து போரை அறிந்த பிள்ளை, பின்னர் அரசனின் ஆசனத்தில் அமர்ந்து விளையாடலாம். அவன் கையிலுள்ள ஒவ்வோர் உருவமும் அவனுக்கு ஏதோ நினைவூட்டும். ஒழுங்கு மாறினால், பின்னர் கேட்கும் கதையும் அவனுக்கு ஒரு தொகையாகவே தோன்றக்கூடும்.

தமக்கையாரிடம் என் தீர்ப்பைக் கூறினேன்: இப்போது வேண்டாம். பத்து வயதளவில், வீட்டார் ஒருவர் அருகிருக்கத் தொடங்கலாம். அதுவரை, அவ்விளையாட்டுடன் வரும் வரைபடம் அமைக்கும் பகுதியில் ஊர்களையும் ஆறுகளையும் காடுகளையும் அமைத்துப் பார்க்கட்டும்; அங்கு பகைவர் தேவையில்லை. நண்பன் வீட்டில் அவன் விளையாடுவதை எம்மால் தடுக்க இயலாது. தடுக்க முயல்வதும் வேண்டாம். மருமகன் இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை. அதையும் நான் ஏற்றுக்கொள்ளவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் இரவு, மின்சாரம் தடைப்பட்டிருந்த வேளையில், தமக்கையாரே அன்னையாரிடம் அந்நாளைப் பற்றிக் கேட்டார். அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், மழை பெய்ததையோ சனநெரிசலையோ கூறாமல், "ஆட்டை அவிட்டு விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள்" என்று மட்டும் கூறினார். இருளில் அமர்ந்திருந்த மருமகன் கேட்டான்: "ஆடு எங்க போனது, அம்மம்மா?"

அதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை. ஆயினும் அவன் மீண்டும் கேட்டான்.

தடை விதிப்பது பெரியோருக்கு எளிது; ஒரு சொல் போதும். அத்தடையால் வெறுமையாகும் இடத்தில் எதனை வைப்பது என்பதே கடினமானது. பத்து வயதில் அவன் அவ்விளையாட்டைத் தொடங்கும்போது நான் அருகில் அமர்ந்திருப்பேன் என்று அவனுக்கு வாக்களித்துள்ளேன். என் தீர்ப்பு சரியா பிழையா என்பது, அவ்வாக்கை நான் காப்பேனா என்பதில் பெரிதும் தங்கியுள்ளது.